இந்த வேலைக்கு இங்கே ஆள் இல்லை

கோத்தகிரியில் கொழுந்து காத்திருக்காது.
காலையில் கிள்ளியது இரவுக்குள் வாடியாக வேண்டும்,
வாடியது விடியுமுன் உருண்டாக வேண்டும்.
சட்டத்துக்கு அந்த அவசரம் கிடையாது.
இதைத் தெரிந்துகொள்ள எனக்கு
மூன்று வக்கீல்கள் தேவைப்பட்டார்கள்.

விஷயம் இதுதான்:
தைவான் மலையொன்றிலிருந்து ஷு-ஃபென்,
வயது ஐம்பத்தொன்று,
இலை கறுப்பதற்கும் பச்சையாய் நிற்பதற்கும் நடுவே
அதை நிறுத்தத் தெரிந்தவர்,
இரண்டு வருஷம் எங்கள் ஃபாக்டரியில் வேலை செய்ய வேண்டும்.
ஏலத்தில் எங்கள் தூள் போகிற விலையில்
விறகுக்கும் கரண்டுக்கும் போக
மிஞ்சுவது சாக்கு மட்டும்தான் என்று சொல்லி
பங்குதாரர்களிடம் சம்மதம் வாங்கியிருந்தேன்.

முதல் வக்கீல் கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில்.
கண்ணாடி மேசை. அதன் அடியில்
அவருடைய ஷூக்கள் ஆடிக்கொண்டேயிருந்தன.
"எத்தனை பேர் மேடம்?"
"ஒருத்தர்."
அவர் முகம் ஒரு கொண்டை ஊசி வளைவு இறங்கியது.
"நூறு பர்சன்ட் கேரண்டி" என்றார் பிறகு.
தேயிலைக்காரி நான்.
மழைக்கு யாரும் கேரண்டி தந்து பார்த்ததில்லை.
ஆபீஸரைத் தெரியும் என்றார்.
எந்த ஆபீஸர் என்று கேட்டேன்.
காபி வந்தது.

இரண்டாமவர் சென்னை. பெரிய பெயர்.
நான் பார்த்தது அந்தப் பெயரை மட்டும்தான்,
மின்னஞ்சல்களின் அடியில்.
போனில் ஒவ்வொரு முறையும் வேறொரு ஜூனியர்.
ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து
ஷு-ஃபென் என்று எழுத்துக்கூட்டினேன்.
நான்காவது பையன் அவரைத் தாய்லாந்து ஆக்கியிருந்தான்.
பாவம், குரலெல்லாம் தூக்கம்.
முன்பணத்துக்கான பில் மட்டும்
ஒரு பிழையும் இல்லாமல் வந்தது.

மூன்றாமவர் குன்னூர் பெட்போர்டில்,
மருந்துக்கடைக்கு மேலே. இமெல்டா.
ஒற்றைக் கம்பி எரியும் ஹீட்டர்,
ஃபைல்களுக்கு நடுவே பாதி கடித்த வர்க்கி.
"எனக்கு இதுல அஞ்சு கேஸ்தான் அனுபவம்.
ஒண்ணு தோத்துது. ஏன்னு சொல்லட்டுமா?"
சொன்னார். தப்பு அவருடையது.
அப்புறம் கேட்க ஆரம்பித்தார்.
எங்கே தங்குவாங்க?
சம்பளம் காகிதத்துல எவ்வளவு, கையில எவ்வளவு?
ஒத்துவராமப் போனா திரும்புற டிக்கெட் யார் எடுக்கறது?
பாஸ்போர்ட்டை நீங்க வாங்கி வெச்சுக்குவீங்களா?
நம் பீரோவில் இருந்தால் பத்திரம் என்றுதான் நினைத்திருந்தேன்.
"இல்லை" என்றேன்.
என் முகத்தைப் பார்த்துவிட்டு
எதையோ குறித்துக்கொண்டார்.

கடைசியில் அந்த ஒரு வரி:
இந்த வேலைக்குத் தகுதியான ஆள் இங்கே இல்லை.
அதன் கீழே என் கையெழுத்து.
"உண்மைதானா?"
"உண்மைதான்."
"கீழ ஜீப்புல இருக்கறவர் யாரு?"

போஜன்.
இருபத்திரண்டு வருஷமாக இலை வாட்டுகிறவர்.
இருட்டில் தொட்டிக்குள் கையை விட்டு
இன்னும் ஒரு மணி நேரம் என்று சொல்பவர்.
டிரைவர் லீவு, அதனால் வந்தார்.
ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
கண்ணாடியில் படிந்த ஈரத்தை
முழங்கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.
"அவருக்கு ஊலாங் தெரியாது" என்றேன்.
"கேட்டீங்களா?"
ஹீட்டர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.
"கேட்டுட்டு வாங்க. தெரியாதுன்னு அவரே சொன்னா
அந்த வரி நிக்கும். வியாழனுக்குள்ள சொல்லுங்க.
ஃபீஸ் அப்புறம்."

கட்டபெட்டு தாண்டிய பிறகுதான்
கேட்க வாய் வந்தது.
போஜன் கியர் மாற்றும்வரை பேசவில்லை.
"பாதியில நிறுத்தறதா?
தெரியாம ரெண்டு தடவை நிறுத்தியிருக்கேன்,
கரண்டு போன ராத்திரி.
நல்ல வாசனை. பூ மாதிரி.
நீங்க திட்டுவீங்கன்னு கொட்டிட்டேன்."
வைப்பர் போய் வந்தது.
"வேணும்னே செய்ய வருமா?"
"அது வராது. அந்தம்மா வரட்டும்.
காரம் சாப்பிடுவாங்களா?"

புதன்கிழமையே இமெல்டாவைக் கூப்பிட்டேன்.
போஜன் சொன்னதை அப்படியே சொன்னேன்,
கொட்டியதையும், திட்டுக்குப் பயந்ததையும்.
மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.
"சரி, அந்த வரியை மாத்தி எழுதுவோம்" என்றார்.
"கொஞ்சம் நீளமாகும்."